கட்டின பொட்டலம்

"அந்த நாயி நம்மளக் காட்டிக்குடுத்துரும் அக்கா" என்று நாறும்பூநாதன் மாமா சொன்னபோது அம்மா அவருடைய இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. மாமா சோற்றில் குழி பறித்து ரசத்தைத் தேக்கி, பிசைந்து, உறிஞ்சி, ஏப்பம் விட்டு, மறுபடியும் அதையே சொன்னார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காட்டிக்கொடுக்கிறதாம். நான்கு மாதமாக அப்பாவை ஒரு தோப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டு ஊர் முழுக்கப் பொய் சொல்லித் திரிகிற நாங்கள் யோக்கியர்கள். தினமும் மூன்று மைல் நடந்து போய் அவர் காலடியில் படுத்துக்கிடக்கிற நாய் காட்டிக்கொடுக்கிற நாய்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்துப் பத்து நாளாகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவரின் மூத்த மகனுக்கு என்னைப் பேசி, வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம் என்று நாள் குறித்தாயிற்று. அந்தப் புளியங்குடிக்காரர் முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு அப்படியே குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து எங்கள் கடையில் காபி குடிக்கும்போது, வாசலில் உட்கார்ந்திருந்த நாயை உற்றுப் பார்த்தார். "இந்த நாயக் காலையில குத்தாலம் ரோட்டுல ஒரு மாந்தோப்பு வாசல்ல பாத்தேனே வே. ஒரு நோக்காட்டு மனுசன் பக்கத்துல கெடந்துச்சு" என்றார். "செவலை நாயி ஊருக்கு ஒம்பது கெடக்கும் அண்ணாச்சி" என்று மாமா சிரித்துச் சமாளித்தார். அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் போய்விட்டது. அப்பாவைத் தோப்பில் கொண்டுபோய் விட்ட அன்று நன்றாகத்தான் உறங்கினார். குறட்டைச் சத்தம் எனக்குக் கேட்டது.

என் அப்பா குற்றாலிங்கம் தென்காசி ரத வீதியில் காபி கிளப் வைத்திருந்தார். காபிக்குப் பெயர் போன கடை என்று சொல்ல முடியாது. அவர் கைக்குத்தான் பெயர். கொதிக்கிற பால் குண்டானைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைப்பார். யாராவது பீடிக்கு நெருப்புக் கேட்டால் அடுப்பிலிருந்து தணல் துண்டை இரண்டு விரலால் எடுத்து நீட்டுவார். வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிவந்து, "எங்க அண்ணாச்சி கையப் பாரும், இரும்புக் கை" என்று காட்டுகிறதே சிலருக்கு வேலை. அப்பாவுக்கும் அதில் பெருமைதான். விரல் நுனியில் கொப்புளம் கிடந்தால், அடுப்படியில் நிற்கிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்பார். நானும் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டவள்தான். ஏழெட்டு வருஷம் ஊரே கூடி நின்று கைதட்டியது எதற்கு என்று தெரிந்த பிறகு, அந்தக் கைதட்டினவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்து எனக்கு ஆத்திரமாக வரும். என்னையும் சேர்த்துத்தான்.

மாசித் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு வெளியூர் டாக்டர் காபி குடித்துக்கொண்டே அந்த வேடிக்கையைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் அப்பாவை உட்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு குண்டூசியால் சுண்டுவிரலில் குத்தினார். ரத்தம் பொட்டாக நின்றது. அப்பா கண்ணை மூடியபடியே, "எப்பய்யா குத்தப் போறிய?" என்று கேட்டாராம். டாக்டர் மெதுவாகத்தான் விஷயத்தைச் சொன்னார். இது பெருநோயில் ஒரு வகை, மாத்திரை இருக்கிறது, வருஷக் கணக்கில் தின்ன வேண்டும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமாவின் காதில் முதல் வார்த்தைக்கு மேல் எதுவும் ஏறவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன்னே ஒரு கூண்டு வண்டி வந்தது. மாமாவின் சிநேகிதர் ஒருவருக்குக் குற்றாலம் ரோட்டில் மாந்தோப்பு இருந்தது. அங்கே காவல்காரன் காலி செய்துவிட்டுப் போன ஒரு குடிசை. "கொஞ்ச நாளைக்குத்தான் அத்தான். வள்ளித்தாய்க்கு ஒரு கல்யாணம் முடிஞ்சிரட்டும்" என்று மாமா சொன்னார். என் பெயரைச் சொன்னதும் அப்பா சரி என்று தலையை ஆட்டினார். அம்மா ஒரு பாயும் இரண்டு வேட்டியும் செம்பும் எடுத்து வண்டியில் வைத்தாள். அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை அன்றைக்கே கிணற்றடிக்கு வெளியே எறிந்தாள். எறிந்ததைப் பார்த்தும் நான் எடுத்து வைக்கவில்லை. மாமா கல்லாவிலிருந்து முதலாளி ஆனார்.

ஊருக்குச் சொல்ல ஒரு பொய் வேண்டுமே. மாமாவுக்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை, அப்பா காசிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தார். காசிக்குப் போக முடியாதவர்கள் கும்பிட என்றே கோயில் கட்டி வைத்திருக்கிற ஊரில், அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருக்கிறவர் காசிக்குப் போனார் என்றால் யார் நம்புவார்கள்? "இங்கன இருக்க விசுவநாதரு கொறஞ்சா போயிட்டாரு? அங்கன என்ன சோலி அண்ணாச்சிக்கு?" என்று காபி குடிக்க வருகிறவர்கள் கேட்டார்கள். மாமா பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கி, வரும்போது கங்கைத் தண்ணீர் கொண்டுவருவார் என்று பாதித் தெருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தி நிஜமாகவே செம்பு விளக்கி வைத்துக்கொண்டு, எப்போ வருவார் என்று வாரா வாரம் அம்மாவிடம் கேட்டாள். "வந்துருவாக ஆச்சி, வந்துருவாக" என்று அம்மா பதில் சொல்வாள். குரலில் ஒரு பிசிறு இருக்காது. நான் ஒருநாள் தாங்காமல், "வாம்மா, ஒரு நடை போயிப் பாத்துட்டு வருவோம்" என்றேன். "நிச்சயம் முடியட்டும்" என்றாள். நிச்சயம் முடிந்தால் கல்யாணம் முடியட்டும் என்பாள். கல்யாணம் முடிந்தால் பேறுகாலம் முடியட்டும் என்பாள்.

நாய் யாரிடமும் கேட்கவில்லை. வண்டி கிளம்பின அன்றே சக்கரத்தின் பின்னால் போய்விட்டது. அதன் பெயர் டிக்காசன். குட்டியாகக் கடையில் ஒண்டினபோது அப்பா வைத்த பெயர். நிறமும் அதுதான். அதற்கு அப்பா ஒரு வேலை பழக்கியிருந்தார். தினமும் நான்கு மணிக்கு முதல் ஈட்டு வடை எடுத்ததும், வீட்டுக்கென்று நான்கை வாழையிலையில் வைத்து வாழைநாரால் கட்டி அதன் வாயில் கொடுப்பார். அது வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வரும். வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்காது, எந்த நாய் குரைத்தாலும் திரும்பாது. அப்படித்தான் பழக்கம். அம்மா வாசலில் நின்று வாங்கி, கட்டை அவிழ்த்து, முதல் வடையை அதற்குப் போடுவாள். தரையில் சும்மா போட்டது தன்னுடையது, நார் கட்டினது வீட்டு மனுஷருடையது. இந்தக் கணக்கில் அது எட்டு வருஷத்தில் ஒருநாள் பிசகவில்லை. பசியோடு வந்த நாளிலும் பொட்டலத்தில் பல் பட்டதில்லை.

அப்பா போன பிறகு அது தோப்பில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் எங்கள் கொல்லை வாசலுக்கு வரும். நான்கு மணிக்குக் கடை வாசலுக்கும் வந்து உட்காரும். வடை எடுக்கிற நேரம் ஆயிற்றே. கடையில் அதற்கு யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை. கொல்லையில் நான் கொடுத்தேன். அம்மா குளிக்கப் போயிருக்கிற நேரம் பார்த்து, நான்கு இட்லியை இலையில் வைத்து நார் கட்டி வாயில் கொடுப்பேன். அதற்கென்று ஒன்றைத் தரையில் போடுவேன். வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடும். யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னதே இல்லை.

போய்ச் சேர்ந்தது என்று ஜெபமலர் சொல்லித்தான் தெரியும். அவள் மிஷன் நர்ஸ். எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வருவாள். புதன்கிழமை தோறும் மாத்திரையோடு சைக்கிளில் தோப்புக்குப் போவாள். முதல் வாரமே அவள் அம்மாவிடம் வந்து, "இவருக்கு இருக்கது மத்தவங்களுக்கு ஒட்டுத வகை இல்ல. வீட்டுலயே வச்சுப் பாக்கலாம்" என்று சொன்னாள். அம்மா அவள் சத்தமாகப் பேசுகிறாளே என்றுதான் பதறினாள். இனிமேல் வீட்டுக்கு வராதீர்கள் என்று கும்பிட்டு அனுப்பினாள். அதனால் ஜெபமலர் என்னைத் தெருக்குழாயில் பார்த்துச் சொல்வாள். "நாயி கொண்டுவாரதத்தான் திங்காரு. உங்கம்மா மறக்காம அனுப்புதான்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுதாரு." இல்லை, நான்தான் அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருக்கு இருந்தது அந்த ஒரு சந்தோஷம். பொட்டலம் அனுப்பியதை வைத்து என்னை யாரும் நல்லவள் என்று நினைக்க வேண்டாம். மூன்று மைல் நடக்க எனக்கும்தான் இரண்டு கால் இருந்தது. கல்யாணம் பேசின பெண் தெருத் தாண்டி நடக்கக்கூடாது என்றார்கள், நடக்காமல் இருந்துவிட்டேன். நாய்க்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அது கேட்டிருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் மாமா கடை வாசலில் ஒரு வடையைப் போட்டார். நாய் மோந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று எத்தனை தடவை நீட்டியும் அவர் கையிலிருந்து எதையும் அது வாங்கவில்லை என்று கடையில் சொன்னார்கள். சனியன், திமிரைப் பாரு என்று அவர் திட்டினாராம். அந்த வடையில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீடு நிறையப் பெண்கள். யாரோ எனக்குத் தலை பின்னினார்கள், யாரோ மருதாணி சிவந்ததைப் பார்த்துக் கேலி செய்தார்கள். எழுந்து கொல்லைக்குப் போக வழி இல்லை. அப்பாவுக்கு இன்றைக்கு ஒன்றும் அனுப்ப முடியவில்லையே என்று மட்டும் மனதில் அரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணி இருக்கும். பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "டிக்காசன், இந்தா. வா, வா." நான்கு மாதத்தில் அம்மா அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நல்ல நாளில் மனசு இளகிவிட்டாள் போல என்று நினைத்தேன். எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அம்மா குனிந்து நின்றாள். நாய் அவள் கையிலிருந்து ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வாலை ஆட்டிவிட்டு, கொல்லைக் கதவைத் தாண்டிப் போனது. பக்கத்தில் நின்ற மாமா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங் கைன்னதும் வாங்கிக்கிட்டு பாரு. இங்கன தின்னா வாசல்லயே விழுந்து கெடக்கும், விருந்தாளி வாரநேரம். அதுக்குத்தான் கட்டிக் குடுத்தது. எங்கனயாவது தூரமாப் போயித் தின்னுட்டுச் சாவட்டும்" என்றார்.

அவரைச் சொல்லிக்கூடக் குற்றமில்லை. கடையில் இருந்தவர். நாய் பொட்டலத்தோடு கிளம்புகிறதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அது போய்ச் சேருகிற இடத்தில் நின்று எட்டு வருஷமாகக் கை நீட்டி வாங்கினவள் அம்மா.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். "கட்டியா குடுத்தே?" என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது. கை தானாக வாயைப் பொத்தியது.

"மறந்துட்டேன்ட்டி" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்ட காது இன்னும் எரிகிறது. தினம் நான்கு மணிக்கு வாசலில் நின்று வாங்கினாயே, முதல் வடையைப் போட்டாயே, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அது உன் பாயருகில் பொட்டலத்தை வைத்துவிட்டுக் காத்துக்கிடந்ததே. நான்கு மாதத்தில் மறந்துவிட்டதா? பொட்டலத்தை மறந்தாயா, அதைக் கட்டி அனுப்பின மனுஷனையே மறந்தாயா? இதையெல்லாம் அங்கே நின்று கேட்க நேரமில்லை. ஓடும்போதுதான் கேட்டேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மொட்டைக் கோபுரத்து வாசல் வழியாக, ரத வீதி வழியாக ஓடினேன். எங்கள் கடை வாசலில் புளியங்குடிக்காரர்கள் காரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாம்பாளத்தோடு நின்ற ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு வாயைப் பிளந்தாள். எனக்கு முன்னால் நூறு கஜத்தில் டிக்காசன் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அது திரும்பவில்லை. பொட்டலம் வாயில் இருந்தால் யார் கூப்பிட்டாலும் நிற்கக்கூடாது என்று பழக்கியவர் அப்பா. "அந்த நாயப் பிடிங்க" என்று கத்தினேன். ஒருவன் கல்லை எடுத்தான். "எறியாதியும்" என்று அதற்கும் கத்தினேன். நான் என்ன சொல்கிறேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. சிரித்தார்கள்.

ஊர் தாண்டியதும் சாரல் தூற ஆரம்பித்தது. ரோட்டில் குளிக்கப் போகிற குதிரை வண்டிகள். எண்ணெய் தேய்த்த உடம்போடு நடந்து போகிற ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு இடத்தில் கால் பின்னி விழுந்தேன். முழங்காலில் சேலை கிழிந்தது. எழுந்து பார்த்தபோது நாய் கண்ணுக்கே தெரியவில்லை. ஓடுகிறவள் அழ முடியாது, மூச்சு போதாது. அதனால் திட்டிக்கொண்டே ஓடினேன். மாமாவை, அம்மாவை, அந்தப் புளியங்குடிக்காரரை, காசியை, என் கல்யாணத்தை. கடைசியில் நாயைக்கூடத் திட்டினேன். ஒருநாள், ஒரே ஒருநாள் நீ துரோகம் செய்யக்கூடாதா, வழியில் உட்கார்ந்து பிரித்துத் தின்னக்கூடாதா என்று திட்டினேன். அது தின்றால் அப்பா பிழைப்பார். அது யோக்கியமாக இருந்தால் அப்பா செத்துப்போவார். எங்கள் வீட்டு மனுஷர்கள் காரியத்தை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

தோப்பு வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது, இரண்டு பக்கமும் கம்பு நட்டு. உள்ளே நுழைந்தேன். குடிசை வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பொட்டலம். எதிரில் டிக்காசன் வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பா நார் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் உள்ளே மடங்கியிருந்தன. மற்ற விரல்களுக்கு முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை வாயருகே கொண்டுபோய்ப் பல்லால் கடித்தார். நான் கட்டுகிறது லேசாக உருவு முடிச்சு. மாமா கட்டினது கடை முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். அந்த முடிச்சும், செத்துப்போன அந்த விரல்களும் எனக்குக் கொடுத்த நேரம்தான் அது.

பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கின வேகத்தில் இலை கிழிந்து இரண்டு இட்லி மண்ணில் விழுந்தது. டிக்காசன் குனிவதற்குள் காலால் மிதித்துக்கொண்டேன். மண்ணோடு வழித்து எடுத்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் எல்லாவற்றையும் போட்டேன். அப்பா மலைத்துப் போய்ப் பார்த்தார். நான்கு மாதத்தில் அவர் முடி முழுக்க நரைத்திருந்தது.

"வள்ளியாட்டி? இன்னைக்கு ஒனக்கு நிச்சயம்லா? நர்ஸம்மா சொன்னாவளே. இங்கன என்ன செய்யுத?"

அடுப்பில் இலை சுருண்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது.

"அத ஏன் அடுப்புல போட்ட?"

"கெட்டுப்போச்சுப்பா."

"எப்பிடிட்டி கெட்டுப்போவும்? ஒங்கம்மா கோமதி காலையில கட்டி அனுப்புததுதான" என்றார். சிரித்தார். "நாலு மாசமா ஒருநாளு தவறல அவ. நீங்கள்லாம் வராட்டாலும் அவ கை எங்கிட்ட வந்துருது. இன்னைக்கு நேரமாச்சேன்னு பாத்தேன். விசேச வீடுலா, அந்த அவசரத்துலயும் அனுப்பிட்டா பாரு."

அம்மா தன் கையால் அவருக்கு அனுப்பின முதல் பொட்டலம் அதுதான். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான்தான் அனுப்பினேன், அவள் ஒருநாளும் அனுப்பவில்லை, இன்றைக்கு அனுப்பினது எதற்கென்று தெரியுமா என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. அந்தப் பொய்யையும் நான்தான் சுமக்க வேண்டும் என்று ஆனபோது அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

வேலிக்கு வெளியே குதிரை வண்டி வந்து நின்றது. மாமா வண்டியைவிட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்து, "அத்தான் தின்னாரா?" என்று கேட்டார். நான் வேலி இடைவெளிக்கு வந்து நின்றேன். "இல்ல" என்றேன். அவர் மூச்சு விட்டார். பயம் தீர்ந்து விட்ட மூச்சா, வேறு ஏதாவதா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. "சரி, வா. அவுகள கடையில உக்கார வச்சிருக்கேன். பொண்ணுக்குத் திடீர்னு சாமி வந்துட்டுன்னு சொல்லிருக்கேன். இப்பக் கௌம்புனாச் சரி பண்ணிரலாம்" என்றார். காசி முடிந்து இப்போது சாமி.

"அவுகளையும் இங்கன கூட்டியாங்க மாமா. மாப்பிள வீட்டுக்காரங்க பொண்ணோட அப்பாவப் பாக்காண்டாமா?" என்றேன்.

மாமா வண்டிக்காரனைப் பார்த்தார். வண்டிக்காரன் குதிரையைப் பார்த்தான்.

அம்மா இறங்கினாள். நிச்சயத்துக்கென்று கட்டின சேலை, நெற்றியில் குங்குமம், காலில் செருப்பு இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் அந்த மண்ணில் கால் வைத்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள். சாரல் வலுத்திருந்தது.

"வழி விடுட்டி."

நான் இரண்டு கம்பையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன். "என்னத்துக்கு?"

"அவுகளப் பாக்கணும்."

"பாத்து என்ன சொல்லப் போற? மறந்துட்டேன்னு சொல்லப் போறியா?"

அம்மாவின் உதடு நடுங்கியது. நடுங்கட்டும் என்று இருந்தேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாரு வந்திருக்கா வள்ளி? கோமதியா? சாரல்ல நனையுதாளா? உள்ள வரச் சொல்லுட்டி."

அதற்குள் டிக்காசன் என் கைக்குக் கீழே நுழைந்து வெளியே போயிற்று. ஓடி வந்த களைப்பு, காலையிலிருந்து வெறும் வயிறு. அம்மாவைப் பார்த்ததும் உடம்பே வாலாகி ஆடியது. நேரே அவள் வலது கைக்குப் போய் மோந்து, நக்க நாக்கை நீட்டியது. அம்மா அலறிக்கொண்டு கையை மேலே தூக்கினாள். "நக்காத, நக்காத, கை கழுவல" என்றாள். விளையாட்டு என்று நினைத்து அது துள்ளியது. அவள் இன்னும் உயரத் தூக்கினாள். அது பின்னங்காலில் நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் அவள் இடுப்பில் ஊன்றி, அந்தக் கையைப் பார்த்துக் குழைந்து குழைந்து அழுதது. சேறெல்லாம் புதுச்சேலையில் அப்பியது. அம்மா கையை இறக்கவில்லை. தலைக்கு மேல் நீட்டிப் பிடித்து, விரல்களை விரித்து, சாரலில் கழுவக் கொடுத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கி ஜாக்கெட்டுக்குள் போனது. "கோமதி" என்று அப்பா உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார். நான் கம்புகளை விடாமல் பிடித்திருந்தேன்.